விலங்கியல் படிக்கிறேன், மூளை ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. ப்யூர் சயின்ஸ் குரூப் என்பதால் கணக்கு எடுக்கவில்லை. நீட் இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. என் தாத்தாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்து மூளையைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். நியூரோசயின்ஸில் மேற்படிப்பு படிக்க ஆசை. எங்கள் ஊரில் விவரம் சொல்ல ஆளில்லை. ஒரு கன்சல்டன்சியில், இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. சேர்த்துவிடுகிறோம், மொத்தம் 35 லட்சம் ஆகும் என்கிறார்கள். நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. ஆனால் "படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்றும் அவரே கேட்கிறார். என்ன செய்யட்டும், மேடம்?
— வாசகி, தென்காசி மாவட்டம்

முதலில் நிலம். அதை அடமானம் வைக்க வேண்டாம். இந்தப் பதிலில் வேறு எதைப் படித்துக் காட்டாவிட்டாலும் இதை மட்டும் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

கன்சல்டன்சிக்காரர்கள் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. அறிவியலில் பிஎச்.டி. செய்பவர்கள் பெரும்பாலும் கைக்காசு போட்டுப் படிப்பதில்லை. மாதாமாதம் அவர்களுக்குத்தான் பணம் வருகிறது. நம் நாட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வாடகைப்படி தனி. அமெரிக்காவில் நியூரோசயின்ஸ் பிஎச்.டி.க்குச் சேர்ந்தால் பொதுவாகக் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொண்டு உதவித்தொகையும் தரும். ஆக, நீங்கள் போக நினைக்கும் பாதையில் எங்காவது ஒருவர் 35 லட்சம் கேட்டால், வேறு வழி இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். இருக்கிறது.

ஓராண்டு எம்.எஸ்சி. மோசமான படிப்பு என்று சொல்லவில்லை. வசதி இருப்பவர்கள் போகட்டும். ஆனால் அதில் வகுப்பும் தேர்வும் போக, லேபில் கைவைத்து வேலை செய்யக் கிடைப்பது சில மாதங்கள்தான். பிஎச்.டி.க்கு ஆள் எடுக்கும்போது, என்னைப் போல மூளை ஆராய்ச்சி லேப் நடத்துபவர்கள் பார்ப்பது அந்த லேப் அனுபவத்தைத்தான். அதை இங்கேயே செலவில்லாமல், சில நேரம் சம்பளத்தோடுகூடப் பெறலாம்.

அடுத்து, நீட். உங்கள் கடிதத்தில் அந்த வரி சற்றுத் தலைகுனிந்து நிற்கிறது. நரம்பியல் மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று போக வேண்டும். நோயாளியைப் பார்ப்பது அவர்கள் வேலை. மூளை எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகிறது என்று தேடுவது எங்கள் வேலை. மருத்துவர்களும் இதற்கு வருகிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. செய்த வி.எஸ்.ராமச்சந்திரனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இயற்பியல், கணினி, உளவியல், விலங்கியல் படித்தவர்களும் அதே அளவுக்கு வருகிறார்கள். மருத்துவ சீட் கிடைக்காததற்கு ஆறுதல் பரிசாக இதை நினைத்து வந்தால் மூன்றாவது வருஷமே வெறுத்துவிடும்.

தாத்தாவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நடுமூளையில் கருநிறத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கே டோபமைன் சுரக்கும் செல்கள் சாவதால்தான் பார்க்கின்சனில் உடல் இறுகுகிறது, கை நடுங்குகிறது. நடுக்கம் வெளியே தெரியும்போது அந்தச் செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும். அவர் சாப்பிடும் மாத்திரையில் அநேகமாக லெவோடோபா இருக்கும். அதே பொருள் நம் ஊர் வேலியில் படரும் பூனைக்காலி விதையில் இருக்கிறது. 1937-இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அது மூளை நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டு தாத்தாவுக்கு விதைப்பொடி கொடுத்துவிடாதீர்கள். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு எகிறிவிடும். மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பார்க்கின்சனுக்காக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் ஐந்தாறு வருஷம் பழ ஈயின் ஒரே ஒரு புரதத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கலாம். அந்த வேலையால் தாத்தாவின் நடுக்கம் குறையாது. நோயின் மீதான கோபம் உங்களை வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே தங்க வேண்டுமானால் அந்தப் புரதத்தின் மீதே ஓர் ஆர்வம் பிறக்க வேண்டும். அது உங்களுக்குப் பிறக்குமா என்று எனக்கோ உங்களுக்கோ இப்போது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, பட்டத்தின் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு லேபில் இரண்டு மாதமாவது போய் உட்காருவது. நான் சொல்லப் போகும் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அங்கே நாள் எப்படிப் போகும் என்பதற்கு என் லேபையே சொல்கிறேன். எலியின் மூளைத் துண்டுகளில் ஒற்றை நியூரானின் மின்சாரத்தை அளக்கிறோம். காலையில் எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, தலையை வெட்டி, மூளையைச் சில நிமிஷங்களுக்குள் வெளியே எடுத்து, பனிக்கட்டிக் குளிரில் இருக்கும் உப்புக் கரைசலில் போட வேண்டும். அதிரும் பிளேடால் 0.3 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். 95 சதவீதம் ஆக்ஸிஜன் கலந்த வாயுவைக் கரைசலில் குமிழவிட்டால் அந்தத் துண்டு சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அதற்குள், முனை ஒரு மைக்ரான் அளவே இருக்கும் கண்ணாடிக் குழாயை ஒரு செல்லின் சவ்வில் ஒட்டி, அது பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். பேட்ச் கிளாம்ப் என்று பெயர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் நேயரும் சாக்மனும் உருவாக்கியது. 1991-இல் நோபல் கிடைத்தது. நல்ல நாளில் நாலைந்து செல் கிடைக்கும். ஒன்றுமே கிடைக்காமல் இரவு ஒன்பது மணிக்குக் கழுவி வைத்துவிட்டுப் போகிற நாட்களும் ஏராளம்.

எலியைக் கொல்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விலங்குக்கும் நெறிமுறைக் குழுவிடம் கணக்குக் காட்டித்தான் வேலை செய்கிறோம். இருந்தாலும் கை உங்களுடையதுதான். சிலருக்கு முதல் வாரத்திலேயே இது நமக்கு ஆகாது என்று தெரிந்துவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈயில் வேலை செய்யலாம். மனிதர்கள் தலையில் மின்முனை ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கலாம், கணினியிலேயே முழு வேலையையும் செய்யலாம். பழ ஈயின் மூளையில் சுமார் 1,39,000 நியூரான்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்ற முழு வரைபடம் 2024-இல் வெளியாகி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி என்பதை நினைத்தால் இது சின்னக் கணக்குதான். ஆனால் தென்காசியில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதை அலச முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

விலங்கியல் படிப்பது குறை என்று யாராவது சொன்னால் மதுரையைக் காட்டுங்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் என்ற விலங்கியலாளர் இருந்தார். அவரும் மாணவர்களும் மதுரைக்கு அருகே ஒரு குகையில் வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். வெளியே பொழுது சாய்வது உள்ளே இருப்பவற்றுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அதே குகையில் தினமும் வெளியே போய்த் திரும்பும் கூட்டாளிகளை வைத்தே கூண்டு வௌவால்கள் தங்கள் நேரத்தைச் சரிசெய்துகொண்டன. 1981-இல் வெளியான ஆய்வு அது. உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இதற்குப் பெரிய கருவி ஏதும் தேவைப்படவில்லை. நல்ல கேள்வியும், குகையில் நாள்கணக்கில் உட்காரும் பொறுமையும் இருந்தன. பாலூட்டிகளின் இந்த உடல் கடிகாரம் மூளையில் சுமார் 20,000 நியூரான்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் விலங்கியல் வகுப்பிலிருந்து நேராக நியூரோசயின்ஸுக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, பி.எஸ்சி. முடித்ததும், முதுகலையும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்.சி.) உயிரியல் பிரிவில் இருக்கிறது. 'ஜாம்' தேர்வு எழுத வேண்டும், வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும். அதே ஊரில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அதற்கு 'ஜீபில்ஸ்' (JGEEBILS) என்று கூப்பிடும் தனி நுழைவுத் தேர்வு. இரண்டு இடத்திலும் மூளை ஆராய்ச்சி பலமாக நடக்கிறது, உதவித்தொகையும் உண்டு. போட்டி கடுமை, அதை மறைத்துச் சொல்லி என்ன பயன்? ஆனால் ஜீபில்ஸ் மனப்பாடத்தை அதிகம் மதிக்காத தேர்வு. வரைபடத்தைக் கொடுத்து என்ன புரிகிறது என்று கேட்பார்கள். யோசிக்கத் தெரிந்த கிராமத்துக் கல்லூரி மாணவிக்கு அது நீட்டைவிட நியாயமான தேர்வு என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது வழி, எம்.எஸ்சி. முடித்துவிட்டு பிஎச்.டி. இங்கேதான் பலர் "நியூரோசயின்ஸ்" என்ற பெயர்ப்பலகையைத் தேடி அலைகிறார்கள். ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் மாதிரி இடத்தில் எம்.எஸ்சி. நியூரோசயின்ஸ் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். சுற்றிலும் மூளை லேப்கள்தான். ஆனால் பெயரில் மட்டும் நியூரோ இருந்து, லேபில் மைக்ரோஸ்கோப் பூட்டியே கிடக்கும் கல்லூரிகளும் உண்டு. அவற்றைவிட நல்ல ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் விலங்கியலோ உயிர்வேதியியலோ உயிர் இயற்பியலோ படிப்பது எவ்வளவோ மேல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம், மதுரை காமராசர், புதுச்சேரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் தூரம்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட்-பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதினால் போதும். எம்.எஸ்சி. முடிக்கும் சமயத்தில் பிஎச்.டி.க்கான தகுதித் தேர்வுகளான சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் இரண்டையும் எழுதுங்கள். கேட் தேர்வில் நியூரோசயின்ஸ் என்று தாள் கிடையாது. உயிர் அறிவியல் தாளில் வேதியியல் கட்டாயம், மற்றதில் விலங்கியலையும் உயிர்வேதியியலையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஐ.ஐ.எஸ்.சி. நியூரோசயின்ஸ் மையம், பெங்களூரு மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்கள், ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று கதவுகள் பல. 2022-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளைகளை மெல்லிய துண்டுகளாகச் சீவி, ஒவ்வொரு துண்டையும் செல் அளவுக்குப் படமெடுத்து வருகிறது. அங்கே உயிரியல் ஆட்களோடு பொறியாளர்களுக்கும் வேலை இருக்கிறது.

வெளிநாடு பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, ஆங்கிலத்தில் நியூரோசயின்ஸ் படிப்புகளும் உண்டு. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) போட்டுக் காட்ட வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி.யைச் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதும் இல்லை. எம்.எஸ்சி. முடித்து, கையில் லேப் அனுபவத்தோடு பிஎச்.டி.க்கே நேராக விண்ணப்பித்தால் இந்தத் தலைவலிகள் பாதி குறையும்.

கணக்கு. ஜாம் தேர்வின் உயிர்தொழில்நுட்பத் தாளில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு வருகிறது. அதைவிட முக்கியம், மூளை ஆராய்ச்சியே கணக்கில்லாமல் நகராது. நியூரானில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் எழுதியது வகைக்கெழுச் சமன்பாடுகளாகத்தான். பயப்படாதீர்கள். நம் பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைத் தமிழ் வழியிலேயே இறக்கிக்கொள்ளலாம். அணிகள், வகைநுண்கணிதம், நிகழ்தகவு இந்த மூன்றையும் தினம் ஒரு மணி நேரம் போடுங்கள். கூடவே பைத்தான் என்ற நிரல் மொழி. நியூரோமேட்ச் என்ற அமைப்பு கணினி வழி நியூரோசயின்ஸுக்கு 2020 முதல் இணைய வகுப்பு நடத்துகிறது; அதன் பாடங்கள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வாரம் தலை சுற்றும். விடாதீர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் தமிழ் வழி என்று குறிப்பிட்டிருப்பதிலேயே அந்தப் பயம் தெரிகிறது. இன்டர்வியூவில் நாங்கள் தேடுவது வேறு. நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். சும்மா இருக்கும் நியூரானின் உள்பக்கம் வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கிறது. வெளியே இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?

"எதிர்மின் குறையும்" என்று சரளமான ஆங்கிலத்தில் பட்டென்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஏன் என்று கேட்டால் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். போன வருஷம் ஒரு பையன் தட்டுத்தடுமாறி, பாதி தமிழில், பலகையில் படம் போட்டான். உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு, அதனால் வெளியே கசிகிறது, கசியும்போது நேர்மின்னை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் உள்ளே எதிர்மின். வெளியே கூட்டினால் கசிவு குறையும், எதிர்மின்னும் குறையும், துடிப்பு எழும் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். "அப்போ முதல்ல நிறைய துடிக்கும் மேடம்" என்றான். அப்புறம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியே இருந்தா சோடியம் கதவு மறுபடி தயாராக முடியாதே... அப்ப அடங்கிடுமோ?" என்றான். அடங்கித்தான் போகும்; துடிப்பைக் கிளப்புவது சவ்வில் இருக்கும் அந்தச் சோடியம் கதவுகள்தான். அவனை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் கட்டுரை படிக்கிற பழக்கம் வேண்டும், அதில் சலுகை இல்லை. ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. முதலில் படங்களை மட்டும் பாருங்கள், இவர்கள் என்ன கண்டுபிடித்திருப்பார்கள் என்று நீங்களே தமிழில் எழுதுங்கள், பிறகு வாசித்து ஒப்பிடுங்கள்.

இனி அப்பாவின் கேள்வி. அவர் சரியாகத்தான் கேட்கிறார். பிஎச்.டி. ஐந்து அல்லது ஆறு வருஷம் ஆகும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம், சில நேரம் இன்னும் அதிகமாக, வேறு லேபில் முதுமுனைவர் (போஸ்ட்டாக்) ஆராய்ச்சி. நிரந்தர வேலை என்று கையில் வரும்போது வயது முப்பத்தைந்தை நெருங்கியிருக்கலாம். பிஎச்.டி. முடித்தவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர் ஆவதில்லை, இடங்கள் அவ்வளவு இல்லை. மருந்துக் கம்பெனி, மருத்துவக் கருவித் தயாரிப்பு, டேட்டா சயின்ஸ், அறிவியல் எழுத்து என்று பிரிந்து போகிறார்கள். கணக்கும் நிரலும் கைவந்தவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைக்கிறது. வெறும் சோதனைக்கூட வேலை மட்டும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் திணறல்தான். கணக்கைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதற்கு இதுவும் காரணம். உதவித்தொகையில் தன் செலவைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் சேர்க்க முடியாது. உங்கள் சம்பளத்தை நம்பித்தான் வீடு என்றால், எம்.எஸ்சி. முடித்ததும் இரண்டு வருஷம் திட்ட உதவியாளராக லேபில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டு அதற்குப் பின் முடிவெடுங்கள்.

திருமணப் பேச்சும் அதே வருஷங்களில்தான் வீட்டில் எழும். அதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை. ஆறு வருஷக் கணக்கை இப்போதே வீட்டில் போட்டுக் காட்டிவிடுங்கள், பிற்பாடு சண்டை குறையும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. வழக்கமாக ஆண்டுக் கடைசியை ஒட்டி விண்ணப்பம் கேட்பார்கள், கல்லூரி அறிவிப்புப் பலகையை நம்பாமல் நீங்களே தேடிப் பாருங்கள். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் லேப் நடத்துபவர்களுக்கு நேரடியாக மெயில் எழுதுங்கள். நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும், திறக்காமலே போய்விடும். ஆறேழு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் புரியாத ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். "சிறு வயது முதலே மூளை மீது ஆர்வம்" என்ற வரி வேண்டாம், எல்லோரும் அதை எழுதுகிறார்கள். என்ன படிக்கிறீர்கள், பைத்தானில் எதுவரை வந்திருக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும் என்று பத்து வரிக்குள் முடித்து, ஒரு பக்க சுயவிவரத்தை இணையுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். தங்குமிடத்தை முதல் மெயிலில் கேட்க வேண்டாம்; வரச் சொன்ன பிறகு கேளுங்கள், பெரிய நிறுவனங்களில் வளாக விடுதியில் இடம் இருந்தால் அவர்களே ஏற்பாடு செய்து தருவார்கள்.